வாங்கினவங்க வேற, உருவாக்கினவங்க வேற

எல்லாருக்கும் வணக்கம். பவர்பாய்ன்ட் யார் உருவாக்கினதுன்னு கேட்டா இந்த ஹால்ல முக்கால்வாசிப் பேர் மைக்ரோசாஃப்ட்னுதான் சொல்லுவீங்க. இல்லீங்க. ஃபோர்தாட்னு ஒரு சின்ன கம்பெனி, அங்க ராபர்ட் காஸ்கின்ஸ்னு ஒருத்தருக்கு வந்த யோசனை அது, உக்காந்து டிசைன் பண்ணி கோடு எழுதினது டென்னிஸ் ஆஸ்டினும் டாம் ரட்கினும். 1987 ஏப்ரல்ல மெக்கின்டாஷுக்கு மட்டும் வந்துச்சு, கலரெல்லாம் கிடையாது, கறுப்பு வெள்ளைதான், கண்ணாடி மாதிரி இருக்கற ஷீட்டை ப்ரொஜெக்டர் மேல வெச்சுக் காட்டுவாங்களே, அந்த ஷீட்டைத் தயார் பண்ணத்தான் அது. சில மாசத்துலயே மைக்ரோசாஃப்ட் 1.4 கோடி டாலர் குடுத்து கம்பெனியையே வாங்கிடுச்சு.

அப்போ மைக்ரோசாஃப்டுக்கு இதுல பங்கே இல்லையான்னா, கண்டிப்பா இருக்கு. எம்எஸ் ஆபீஸ் தொகுப்போட சேத்து வித்தாங்க, உலகம் பூரா கொண்டு போனாங்க, அது லேசுப்பட்ட வேலை இல்ல. ஆனா 1990ல விண்டோஸ் வெர்ஷன் வந்துச்சே, அப்பவும் அந்த வேலைக்குத் தலைவர் அதே காஸ்கின்ஸ்தான், 1993 வரைக்கும் உள்ளதான் இருந்தார். பில்லு கட்டினது கம்பெனி, வேலை பாத்தது இந்த ஆளுங்க, இது ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பக் கூடாதுங்கறதுதான் என் வாதமே.

விண்டோஸுக்கு முன்னாடி கம்ப்யூட்டரை இயக்கின டாஸ் (DOS) இருக்கே, அதுவும் அதே கததான். 1980ல சியாட்டில் கம்ப்யூட்டர் ப்ராடக்ட்ஸ்ல டிம் பேட்டர்சன் எழுதினத, 1981ல மைக்ரோசாஃப்ட் முழு உரிமையோட 50,000 டாலருக்கு வாங்கிடுச்சு.

எல்லாமே இப்படித்தான்னு சொன்னா அதுவும் நியாயமில்ல. கூகுள் மேப்ஸ எடுத்துக்கோங்க, சிட்னில ரெண்டு ராஸ்முசன் சகோதரர்கள், கூட நோயல் கோர்டன், ஸ்டீஃபன் மா, நாலு பேரா சேந்து பண்ணது முதல்ல கம்ப்யூட்டர்ல இன்ஸ்டால் பண்ற ஒரு ப்ரோக்ராம், 2004ல கூகுள் வாங்குச்சு, ப்ரௌசர்லயே மேப்ப இழுத்து இழுத்துப் பாக்கலாம்ங்கற உருவத்துல 2005 பிப்ரவரில வெளிய வந்துச்சு. அங்க கூகுளும் சேந்து உருவாக்குச்சுன்னு சொன்னா நான் சண்டைக்கு வரமாட்டேன். அதனால கையெழுத்து போட்ட அன்னிக்கு என்ன இருந்துச்சு, அதுக்கப்புறம் என்ன சேந்துச்சுன்னு பாருங்க, யாருக்கு எவ்வளவு பெருமைன்னு தன்னால தெரிஞ்சிடும்.

இதுல என்னை ரொம்ப உறுத்தறது பேரை மறைக்கறதுதான். சட்டப்படி எல்லாம் சரியா இருக்கும், காசும் செட்டில் ஆயிருக்கும், ஆனா ராத்திரி பகலா உக்காந்து எழுதினவன் பேர் எங்கயுமே இருக்காது. அடோபிய பாருங்க, ஃபோட்டோஷாப்ப முதல்ல எழுதினது தாமஸ் நோல், கூட அவர் தம்பி ஜான், அடோபி 1990ல வெளியிட்டுச்சு, ஆனா ஃபோட்டோஷாப் ஓபன் ஆகும்போது வர்ற ஸ்க்ரீன்ல வருஷக்கணக்கா தாமஸ் நோல் பேர் முதல்ல வந்துச்சு, கீழ மத்த இன்ஜினியர்ஸ் பேரும் வரிசையா வந்துச்சு. அடோபிக்கு அதனால ஒரு பைசா நஷ்டமில்ல. வாங்கின கம்பெனி எல்லாத்துகிட்டயும் நான் கேக்கறது அவ்வளவுதான், அந்தப் பேருங்களப் போடுங்க.