ஷேக்ஸ்பியர் தொகுப்புக்கு முதல் போட்டவர்கள்

வணக்கம் நண்பர்களே. 1623-இல் லண்டனில் வெளிவந்த ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பைப் பற்றிப் பேசும்போது, பிரதிகளைத் திரட்டித் தந்த ஹெமிங்ஸ், காண்டெல் என்ற நடிகர்கள் இருவரையும் நன்றியோடு நினைவுகூர்கிறோம். ஆனால் அந்தப் பெரிய நூலுக்குக் கைக்காசைப் போட்ட புத்தக வியாபாரிகளை யாரும் பேசுவதில்லை. இன்றைய காணொளி முழுவதும் அவர்களைப் பற்றியதுதான்.

அக்காலத்து லண்டனில் புத்தக வியாபாரத்தின் மையம், செயின்ட் பால் தேவாலயத்தைச் சுற்றியிருந்த வளாகம். கடைகளுக்குக் கதவு எண் கிடையாது. கரடி, கிளி, கழுகு என்று பெயர்ப்பலகையில் தீட்டிய உருவமே முகவரி. எட்வர்ட் பிளவுண்ட் கறுப்புக் கரடிக் கடைக்காரர், வில்லியம் ஆஸ்ப்லி கிளிக் கடைக்காரர். அச்சிடுபவர் ஒருவர், காகிதத்துக்கும் அச்சுக்கூலிக்கும் பணம் தந்து நூலை வெளியிடுபவர் ஒருவர், அதைக் கடையில் வைத்து விற்பவர் ஒருவர் என மூன்று வேலைகள் இருந்தன. ஒரே ஆள் இரண்டையோ மூன்றையோ சேர்த்துப் பார்ப்பதும் உண்டு. இவற்றில் நஷ்டம் வந்தால் தாங்க வேண்டியவர் இரண்டாமவர். காகிதம் பெரும்பாலும் பிரான்ஸிலிருந்து வந்தது. செலவில் பெரும்பங்கை அதுவே விழுங்கியது.

இன்னொரு விஷயத்தையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1557-இல் அரச சாசனம் பெற்ற ஸ்டேஷனர்ஸ் கம்பெனி என்ற வணிகச் சங்கத்தின் பதிவேட்டில் ஒரு நூலைத் தன் பெயரில் பதிந்துகொண்ட வியாபாரிக்கே அதை வெளியிடும் உரிமை இருந்தது. எழுதியவருக்கு அந்த உரிமையில் பங்கில்லை. அவர் உயிரோடு இருக்கும்போதே அந்த உரிமை விற்கப்படலாம், கைமாறலாம். சட்டம் ஆசிரியரை உரிமையாளராக ஏற்றுக்கொண்டது 1710-இல்தான்.

இதனால், ஷேக்ஸ்பியரின் 36 நாடகங்களை ஒரே நூலாகக் கொண்டுவர நினைத்தவர்கள் கடை கடையாகப் பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருந்தது. ‘ஹாம்லெட்’, ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’ உள்ளிட்ட சில நாடகங்களின் உரிமை 1607 முதல் ஜான் ஸ்மெத்விக் கையில் இருந்தது. ‘மச் அடூ அபவுட் நத்திங்’ ஆஸ்ப்லியுடையது. இவ்விருவரையும் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டதற்கு இந்த உரிமைகளே காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

இப்போது திரையில் முகப்புப் பக்கத்தைப் பாருங்கள். அடியில் ஐசக் ஜாகர்ட், எட்வர்ட் பிளவுண்ட் இருவரும் அச்சிட்டார்கள் என்றிருக்கிறது. ஆனால் பிளவுண்ட் அச்சகம் வைத்திருந்தவர் அல்லர், பணம் போட்டு வெளியிட்டவர். அடுத்து நூலின் கடைசிப் பக்கத்துக்கு வாருங்கள். அங்கே அடியில், வில்லியம் ஜாகர்ட், பிளவுண்ட், ஸ்மெத்விக், ஆஸ்ப்லி ஆகிய நால்வரின் செலவில் அச்சிடப்பட்டது என்ற வரி இருக்கிறது. எனக்கு இந்த நூலிலேயே மிகவும் பிடித்த வரிகளில் இதுவும் ஒன்று. கணக்கு வழக்கை மறைக்காமல் சொல்லும் வரி. இதில் முதலில் இருக்கும் வில்லியம் ஜாகர்ட், பார்வை இழந்த நிலையிலும் லண்டனின் பார்பிகன் பகுதியில் அச்சகம் நடத்தி, நூல் வெளிவரும் தறுவாயில் காலமானவர். மகன் ஐசக்தான் வேலையை முடித்தார். 1623 நவம்பர் 8 அன்று, அதுவரை வேறு யார் பெயரிலும் பதியப்படாத 16 நாடகங்களை ஐசக்கும் பிளவுண்டும் பதிவேட்டில் பதிந்தார்கள்.

உரிமைச் சிக்கல் நூலிலேயே தழும்பாகத் தங்கிவிட்ட ஓர் இடமும் உண்டு. ‘ட்ராய்லஸ் அண்ட் க்ரெஸிடா’வை ‘ரோமியோ’வுக்கு அடுத்ததாக அச்சிடத் தொடங்கி நடுவில் நிறுத்திவிட்டார்கள், அந்நாடகத்தின் உரிமை ஹென்றி வாலி என்ற வேறொரு வியாபாரியிடம் இருந்ததே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். விட்டுப்போன இடத்தை ‘டைமன் ஆஃப் ஏதென்ஸ்’ நிரப்பியது. பிறகு, கடைசி நேரத்தில் ‘ட்ராய்லஸ்’ உள்ளே வந்தபோது பொருளடக்கம் அச்சாகிவிட்டிருந்தது. ஆகவே அதில் அந்நாடகத்தின் பெயரே இல்லை. காகிதத்தை வீணாக்க மனமில்லாமல், முன்பு அச்சிட்ட தாளையே சில பிரதிகளில் சேர்த்திருக்கிறார்கள். அதன் ஒரு பக்கத்தில் ‘ரோமியோ’வின் இறுதிப் பகுதி கோடிட்டு அடிக்கப்பட்டிருக்கும், மறுபக்கத்தில் ‘ட்ராய்லஸ்’ தொடங்கும். காகிதத்தின் விலை தெரிந்தால்தான் அந்த அடித்தல் கோட்டின் பொருள் விளங்கும்.

900-க்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட இந்நூல், அட்டை போட்டுக் கட்டினால் ஏறத்தாழ 1 பவுண்ட் விலை என்றாலும், ஒன்பதே ஆண்டுகளில் இரண்டாம் பதிப்பு தேவைப்பட்டது. அதற்குள் பிளவுண்ட் தன் உரிமையை ராபர்ட் ஆலட்டுக்கு விற்றுவிட்டார். 1632 பதிப்பை தாமஸ் கோட்ஸ் அச்சிட, ஸ்மெத்விக், ஆஸ்ப்லி, ஆலட், ஹாக்கின்ஸ், மெய்கன் ஆகிய ஐவர் முதல் போட்டார்கள். முகப்புப் பக்கத்தையும் ஐவருக்கும் தனித்தனியாக, அவரவர் பெயரோடு அச்சிட்டுக்கொண்டார்கள். நூலகங்கள் இணையத்தில் வைத்திருக்கும் படங்களில் ஆலட்டின் பெயரைத்தான் அதிகம் காண்பீர்கள், பெரும்பங்கு அவருடையது.