கடல் தாண்டிப் போன வீடு

அனைவருக்கும் வணக்கம்.

சேலத்தில் இருக்கும் ஒரு வீட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நம் சேலம் இல்லை. அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கடலோரமாக ஒரு சேலம் இருக்கிறது. அங்குள்ள பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரு சீன வீடு நிற்கிறது. பெயர் இன் யூ தாங். ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன்பு, சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில், ஹுவாங் சுன் என்ற சிற்றூரில் ஹுவாங் குடும்பத்தார் கட்டிய வீடு அது. மேலும் கீழுமாக 16 படுக்கையறைகள், நடுவே முற்றம்.

அந்த வீட்டைப் பற்றி முதலில் படித்தபோது எங்கள் ஊரைப் பற்றிப் படிப்பது போலவே இருந்தது. நான் செட்டிநாட்டுக்காரன். ஹுவாங் சுன் இருக்கும் வட்டாரத்துக்கு ஹுய்சோ என்று பெயர். மலை அதிகம், விளைநிலம் குறைவு. அதனால் பையன்கள் மீசை முளைக்கும் முன்பே வெளியூருக்கு வியாபாரம் பழகப் போய்விடுவார்கள். "முற்பிறப்பில் புண்ணியம் சேர்க்காதவன் ஹுய்சோவில் பிறப்பான், பதின்மூன்று பதினான்கு வயதில் வெளியே வீசப்படுவான்" என்று அங்கே ஒரு சொலவடையே உண்டு. எங்கள் பக்கம் அதையே 'கொண்டுவிக்கப் போவது' என்பார்கள். இங்கே ரங்கூன், பினாங்கு, கொழும்பு. அங்கே ஷாங்காய் போன்ற பெரிய நகரங்கள், அடகுக் கடைகள். சம்பாதித்த காசு ஊருக்கு வந்து வீடாக நின்றது. அந்த வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் வயதானவர்களும் இருந்தார்கள். ஆண்கள் எப்போதோ வந்து போனார்கள்.

வீட்டின் அமைப்பைக் கேளுங்கள். வெளியே உயரமான சுவர், பேருக்குச் சில சின்ன ஜன்னல்கள். உள்ளே போனால் கூரை நாலா பக்கமும் முற்றத்தை நோக்கிச் சரிகிறது. மழைத்தண்ணீர் முழுவதும் வீட்டுக்குள்ளேயே விழும். தண்ணீர் உள்ளே வந்தால் செல்வம் உள்ளே வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த முற்றத்தை அவர்கள் 'வானக் கிணறு' என்கிறார்கள். மழை நாளில் வளவு, அதாவது எங்கள் வீட்டு முற்றத்தின் ஓரத்தில் அண்டா வைத்துத் தண்ணீர் பிடித்தவர்களுக்கு அந்தப் பெயரின் அழகு புரியும். எங்களிடம் அண்டா, அவர்களிடம் கல்லால் கட்டிய இரண்டு மீன் தொட்டிகள்.

1980களில் கடைசியாக இருந்தவர்களும் கிளம்பிப் போனார்கள். வீடு பூட்டியே கிடந்தது. 1996இல் குடும்பத்தார் விற்றுவிட முடிவு செய்தார்கள். அந்தச் சமயத்தில் அங்கே வந்து சேர்ந்தவர் நான்சி பெர்லினர் என்ற சீனக் கலை ஆய்வாளர். சீன அதிகாரிகளோடு பண்பாட்டுப் பரிமாற்ற ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, 1997இல் வீட்டைப் பிரித்தார்கள். 2,735 மரத்துண்டுகள், 972 கற்கள். அவ்வளவையும் அளந்து, எண் போட்டு, படம் வரைந்து, கப்பலில் ஏற்றினார்கள். சேலத்தில் அமெரிக்கத் தச்சர்களோடு சீனத் தச்சர்களும் கொத்தர்களும் சேர்ந்து வேலை செய்தார்கள். 2003இல் வீடு மக்களுக்குத் திறந்தது.

இதில் என்னைக் கட்டிப்போட்ட விஷயம் வேறு. அறைச் சுவர்களில் ஒட்டியிருந்த பழைய செய்தித்தாள்களை அவர்கள் கிழித்து எறியவில்லை. மாவோ காலத்தில் வீட்டுக்குள் மாட்டிய ஒலிபெருக்கியையும் விட்டுவைத்தார்கள். கட்டிய நாளில் எப்படி இருந்ததோ அப்படிப் பளபளவென்று ஆக்கிக் காட்டலாமே என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. குடும்பத்தாரிடம் உட்கார்ந்து கேட்டு, யார் எந்த அறையில் இருந்தார்கள் என்பதையும் பதிந்துகொண்டார்கள்.

இப்போது எங்கள் ஆயா, அதாவது பாட்டி வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாங்கட்டில், அதாவது வீட்டின் இரண்டாம் பகுதியில் ஒரு தூண். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் ஆயா அதில் சாய்ந்து உட்காருவார்கள். தலை படும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, மரம் கறுத்துப்போயிருக்கும். பங்காளிகள் பதினொரு பேர். கூரையில் ஓடு மாற்றக்கூடப் பதினொரு பேரும் சரி என்று சொல்ல வேண்டும். யாரையும் குறை சொல்லவில்லை, கடைசியில் வீட்டைப் பிரிக்கக் கொடுத்தார்கள். சில மாதம் கழித்துக் காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் அந்தத் தூணைப் பார்த்தேன். அடியில் இருந்த வெடிப்பை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. இழைத்து, தேய்த்து, வார்னிஷ் அடித்திருந்தார்கள். பிசுக்கு இல்லை. எந்த ஊர்த் தூண் என்று கேட்டேன். "பர்மாத் தேக்குங்க, அசல்" என்றார் கடைக்காரர். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போவது சரியா என்று கேட்பீர்கள். எனக்கும் மனம் முழுதாக ஒப்பவில்லை. பின்னால் இருந்த மலை கப்பலில் வராது. அண்டை வீட்டார் வரமாட்டார்கள். நின்ற இடத்திலேயே, ஆள் புழங்க, விளக்கெரிய நிற்பதுதான் வீட்டுக்கு அழகு. ஆனால் அதற்கு வழி இல்லாதபோது, தூண் ஓர் ஊருக்கும் கதவு இன்னோர் ஊருக்குமாகச் சிதறுவதைவிட, முழு வீடாக இன்னொரு மண்ணில் நிற்பது எவ்வளவோ மேல். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் தக்ஷிணசித்ரா அருங்காட்சியகம் 1996 முதல் இதைச் செய்து காட்டிக்கொண்டிருக்கிறது. கேரளத்து மரவீடும் செட்டிநாட்டு வீடும் அங்கே அப்படி வந்து நிற்பவைதாம். பார்க்காதவர்கள் ஒருமுறை போய் வாருங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டைப் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்று பங்காளிகள் முடிவெடுத்துவிட்டால், கொத்தனார் வருவதற்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள். முகப்பில் தொடங்கிக் கட்டு கட்டாக வரையுங்கள். தூணுக்குத் தூண், நிலைக்கு நிலை எண் போடுங்கள். வயதானவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, யார் எங்கே படுத்தார்கள், எங்கே பிள்ளை பெற்றார்கள், எந்த மாடத்தில் விளக்கு எரிந்தது என்று கேட்டு எழுதுங்கள்.

நான் பிந்தித்தான் தொடங்கினேன். ஆயா வீட்டை நினைவிலிருந்து வரைந்திருக்கிறேன். இரண்டாங்கட்டு, கிழக்கு வரிசை, மூன்றாவது தூண். அந்தப் படத்தை வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். போகும்போது பாருங்கள். உங்கள் வீட்டை வரைய ஆள் துணை வேண்டுமென்றால், என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள், வருகிறேன். நன்றி.