ஜீவனாம்ச வழக்கு: தொகையைத் தீர்மானிக்கும் அந்தப் பிரமாணப் பத்திரம்

[திரையில்: குடும்ப நல நீதிமன்ற வாசல், கையில் கோப்புடன் காத்திருப்பவர்கள்]

வணக்கம். வக்கீல்கள் மாநாடு ஒன்றில் ஜீவனாம்சம் பற்றி நான் பேசியதை, வழக்கு நடத்துகிறவர்களுக்கும் புரிகிற மாதிரி இந்த வீடியோவில் சொல்கிறேன்.

என்னிடம் வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "மேடம், எவ்வளவு கிடைக்கும்?" சம்பளத்தில் கால் பங்கு என்று யாரோ சொல்லியிருப்பார்கள். 2017-இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 25 சதவீதம் நியாயமானது என்றது உண்மைதான். ஆனால் எல்லா வழக்குக்கும் அதுவே அளவு என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. இருவரின் வருமானம், தேவை, குழந்தைகள், வாழ்ந்த வாழ்க்கைத் தரம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் தொகை முடிவாகும்.

[திரையில்: 4 நவம்பர் 2020, ரஜ்னேஷ் எதிர் நேஹா]

நாக்பூரிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கு இது. மனைவி 2013-இல் இடைக்கால ஜீவனாம்சம், அதாவது வழக்கு முடியும்வரை செலவுக்குப் பணம், கேட்டு மனு போட்டார். இடைக்கால மனுவைக் கூடியவரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். இங்கே ஏழு வருடம் இழுத்தது. மனு போட்டபோது கைக்குழந்தையாக இருந்த பையன் பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வந்துவிட்டான். இடைக்கால உதவிக்கே இவ்வளவு காலம் என்றால், அதுவரை அந்தக் குழந்தைக்குப் பால் வாங்கியது யார் காசில்? இதைக் கேட்காமல் என்னால் இந்தத் தீர்ப்பைப் படிக்க முடியவில்லை.

அந்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் ஒரே நடைமுறையைக் கொண்டுவந்தது. இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். எதிர்த்தரப்புக்கு அதிகபட்சம் நான்கு வாரம். வாய்தா மேல் வாய்தா வாங்கி இழுத்தடித்தால், அவர் தரப்பு வாதத்தையே நீதிமன்றம் நீக்கிவிடலாம். ஜீவனாம்சம் கணக்காவது தீர்ப்பு நாளிலிருந்து அல்ல, மனு போட்ட நாளிலிருந்து.

[திரையில்: வீட்டுச் செலவுப் பட்டியல்]

இந்தப் பத்திரத்தில்தான் பல வழக்குகள் பலவீனமாகின்றன. "மாதச் செலவு 20,000" என்று ஒரே வரியில் எழுதாதீர்கள். வாடகை, மளிகை, கரண்ட் பில், பள்ளிக் கட்டணம், வேன் கட்டணம், மருந்து என்று பிரித்து எழுதி, ரசீதை இணையுங்கள். எதிர்த்தரப்பின் சம்பளச் சீட்டையும் வரி வரியாகப் படியுங்கள். வருமான வரி போன்ற கட்டாயப் பிடித்தம் வேறு, வழக்கு வந்த பிறகு வாங்கிய கடனின் தவணை வேறு. கைக்கு வரும் தொகை சட்டென்று குறைந்திருந்தால், எந்த மாதத்திலிருந்து என்று பாருங்கள்.

மனைவி படித்திருக்கிறாரே என்று ஒரு வாதம் கட்டாயம் வரும். சம்பாதிக்கும் திறமை இருப்பதும் உண்மையில் சம்பாதிப்பதும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதற்காக, வேலை பார்த்துக்கொண்டே அதை மறைக்கக் கூடாது. பொய்ப் பிரமாணத்துக்கு நடவடிக்கை உண்டு, அது இருவருக்கும்தான். இந்து திருமணச் சட்டத்தின் 24, 25 பிரிவுகளில் கணவரும் ஜீவனாம்சம் கேட்கலாம்.

அப்புறம், வசூல். ஜீவனாம்சத்துக்கான பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு. அதன்படி நிலுவைக்கு வாரண்ட் கேட்கும் மனுவை, அந்தத் தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். "இந்த மாதம் தருகிறேன், அடுத்த மாதம் தருகிறேன்" என்ற பேச்சை நம்பி அந்தக் கெடுவைத் தாண்டவிடாதீர்கள்.