'ஒருவேளை' என்றொரு பை

நண்பர்களே, மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ்ப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர்கள் இந்த அரங்கில் சிலராவது இருப்பீர்கள். நான் படித்தவற்றில் கண்ணில் படாத ஒரு ரஷ்யச் சொல்லோடு தொடங்குகிறேன்: 'அவோஸ்கா'. நூலில் பின்னிய வலைப்பை. 'அவோஸ்' என்றால் ஒருவேளை. போகிற வழியில் ஒருவேளை எங்காவது ஏதாவது விற்றால்? அதற்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார்கள். வரிசை தெரிந்தால் முதலில் போய் நின்றுகொள்வது. என்ன விற்கிறார்கள் என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

சோவியத்தின் கடைசி ஆண்டுகளில் கையில் ரூபிள் இருந்தது, கடையில்தான் சரக்கு இல்லை. சர்க்கரைக்குக்கூடக் கூப்பன். சோவியத் கலைந்தபின், 1992 ஜனவரி 2 அன்று ரஷ்ய அதிபர் யெல்ட்சினின் அரசு பெரும்பாலான விலைக் கட்டுப்பாடுகளை நீக்கியது. அலமாரிகள் மெல்ல நிரம்பின. ஆனால் அந்த ஓராண்டில் விலைவாசி இருபத்தைந்து மடங்குக்கும் மேல் ஏறியது. ஆயுள் முழுக்கச் சேர்த்த பணம் கரைந்துபோன பாட்டிமார், மெட்ரோ வாசலில் வீட்டுச் சாமான்களைக் கையில் ஏந்தி விற்றார்கள்.

அப்புறம் எதைச் சாப்பிட்டுப் பிழைத்தார்கள்? தனியார்மயம் பற்றி மணிக்கணக்கில் பேசும் நிபுணர்கள் இந்தக் கேள்வியை ஏனோ கேட்பதில்லை. உருளைக்கிழங்கு, ஐயா, உருளைக்கிழங்கு! நகருக்கு வெளியே பல குடும்பங்களுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. 'ஆறு சோத்கா' என்பார்கள். 600 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய பதினைந்து சென்ட். மே மாத விடுமுறையில் நடவு, செப்டம்பரில் தோண்டல். இன்ஜினியரும் ஆசிரியையும் கிழங்கு மூட்டையோடு புறநகர் ரயிலில் திரும்புவார்கள். வெள்ளரி ஊறுகாய் ஜாடிகள் பால்கனியில் அடுக்கடுக்காக நிற்கும். 1990களின் இறுதியில் ரஷ்யாவில் விளைந்த உருளைக்கிழங்கில் பத்தில் ஒன்பது பங்கு இப்படி வீட்டார் கையால் விளைந்ததுதான். கூட்டுப்பண்ணையும் கைகொடுக்கவில்லை, சந்தையும் கைகொடுக்கவில்லை, மண்வெட்டிதான் கைகொடுத்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும். 'தோக்தர்ஸ்கயா' என்றொரு சாசேஜ். 'டாக்டர் சாசேஜ்' என்று வைத்துக்கொள்ளுங்கள். 1936இல், உடல் நலிந்தவர்களுக்கென்று, கொழுப்பைக் குறைத்து உருவாக்கியது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அதன் தரம் கெட்டுவிட்டது, மாவும் சோயாவும் கலக்கிறார்கள் என்று ஜனங்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். இன்று அதே சாசேஜின் உறையில் சோவியத் காலத்து அரசுத் தரநிர்ணயமான 'கோஸ்ட்' என்ற எழுத்துகளைப் பெரிதாக அச்சிட்டு விற்கிறார்கள். அன்று முகம் சுளித்தவர்களே இன்று கடையில் அந்த எழுத்துகளைத் தேடிப் பார்த்து எடுக்கிறார்கள்.