சாகாத செல்லும் தொப்புள்கொடியும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு மருத்துவப் பணியைத் தொடங்கிய இந்த வேலூரில், இரத்தக் குழாய் அடைப்பு என்றால் என்ன என்று எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குழாயின் உட்புறத்தில், ஒரே ஒரு செல் கனத்தில் விரிந்திருக்கும் எண்டோதீலியம் என்னும் உள்வரியைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. இரத்தம் உறையாமல் ஓடுவதும், நைட்ரிக் ஆக்சைடு சுரந்து குழாய் விரிந்து கொடுப்பதும் இதன் வேலையே. நீரிழிவு முதலில் கை வைக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

இச்செல்களை உடலுக்கு வெளியே வளர்க்கும் வழியை எரிக் ஜாஃபியும் அவருடைய குழுவினரும் 1973-இல் வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பின் நம் ஊர்ப்பக்கம் குழி தோண்டிப் புதைக்கும் தொப்புள்கொடியே அதற்கு மூலப்பொருள். நான் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்த நாள்களில் இதைப் பலமுறை செய்திருக்கிறேன். கொடியின் சிரையில் மெல்லிய குழலைச் செருகி, இரத்தம் போகக் கழுவி, கொலாஜனேஸ் என்னும் நொதியை நிரப்பி, இரு முனைகளையும் இறுகக் கட்டிச் சிறிது நேரம் வெதுவெதுப்பில் வைத்து, பிறகு மெல்லப் பிசைந்து வடிக்க வேண்டும். மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தால், கோயில் பிரகாரத்தில் இடைவெளியின்றிக் கல் பாவியது போலச் செல்கள் தட்டின் அடியில் அமர்ந்திருக்கும். அந்தக் காட்சி எனக்கு ஒருநாளும் அலுத்ததில்லை. சில வாரங்கள் பிரித்துப் பிரித்து வளர்த்தபின் அதே செல்கள் கல்லில் ஊற்றிய தோசையாகப் பரந்து, பெருகுவதை நிறுத்திவிடும். அவை இறப்பதில்லை, மூப்படைகின்றன.

மனிதச் செல்களின் பெருக்கத்துக்கு இப்படி ஓர் எல்லை உண்டு என்பதை லியோனார்ட் ஹேஃப்ளிக் 1961-இல் காட்டினார். அவர் வளர்த்த செல்கள் ஏறத்தாழ 50 முறை பிரிந்து நின்றுவிட்டன. சாணமிட்டுத் தரை மெழுகுகிறவர் பின்னோக்கி நகர்ந்து வந்து, கடைசியில் தாம் குந்தியிருக்கும் இடத்தை மட்டும் மெழுக முடியாமல் விடுவது போல, டி.என்.ஏ-வைப் படியெடுக்கும் நொதியால் இழையின் கடைசித் துண்டைப் படியெடுக்க முடிவதில்லை. அந்த முனைகளே டெலோமியர்கள். மனிதரிடத்தில் டி டி ஏ ஜி ஜி ஜி என்னும் ஆறெழுத்துத் தொடர் அங்கே ஆயிரக்கணக்கான முறை திரும்ப வருகிறது. ஒவ்வொரு பிரிவிலும் அது சற்றே தேய்கிறது. ஓர் அளவுக்குக் கீழே குறைந்ததும் செல் தன்னை நிறுத்திக்கொள்கிறது.

தேய்ந்ததை மீண்டும் நீட்டும் டெலோமரேஸ் நொதியை, குட்டை நீரில் வாழும் டெட்ராஹைமினா என்ற ஒருசெல் உயிரியில் கரோல் கிரைடரும் எலிசபெத் பிளாக்பர்னும் 1984-இல் கண்டார்கள். 2009-இல் ஜாக் ஷோஸ்டாக்குடன் சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் உடற்செல்கள் பெரும்பாலானவற்றில் இந்நொதியின் ஆர்.என்.ஏ பகுதி இருக்கிறது. ஹெச்டெர்ட் என்னும் புரதப் பகுதிதான் அடக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அந்த ஒரு மரபணுவைச் சேர்த்தால் போதுமா என்று சோதித்தார்கள். 1998-இல் விழித்திரை நிறமிச் செல்களும் தோல் செல்களும் எல்லையைக் கடந்தன. அடுத்த ஆண்டே இரத்தக் குழாய் உள்வரிச் செல்களின் ஆயுளும் அவ்வாறே நீண்டது.

இதைச் சாகாவரம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சொல் எனக்கு உடன்பாடில்லை. ஊட்டம் தராவிட்டாலும் கிருமி புகுந்தாலும் இச்செல்களும் மாண்டுபோகும். இவற்றுக்குக் கிடைத்திருப்பது முனை தேயாமல் பிரியும் ஆற்றல் மட்டுமே. இவை புற்றுநோய்ச் செல்களாகிவிட்டன என்பதும் சரியன்று. புற்றுகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 85 முதல் 90 வரை டெலோமரேஸ் விழித்திருப்பது உண்மைதான். ஆனால் புற்றாவதற்கு வேறு பல தடைகளும் தகர வேண்டும். ஹெச்டெர்ட் பெற்ற உள்வரிச் செல்களோ தம் இயல்பை விடாமல், உரிய கூழ்மத்தில் இட்டால் நுண்குழாய் வலையாக இன்னும் கோத்துக்கொள்கின்றன.

எனினும் நெடுநாள் வளர்ப்பில் குரோமோசோம்கள் மாறிவிடக்கூடும். சில வகைச் செல்களில் பி16 என்னும் புரதத்தின் தடையும் அடங்கினால்தான் பெருக்கம் தொடர்கிறது. அதனால் குரோமோசோம்களை அவ்வப்போது எண்ணிப் பார்ப்பதோடு, இவற்றில் கிடைத்த முடிவைப் புதிதாக எடுத்த செல்களிலும் சரிபார்க்க வேண்டும். அதற்காகவே, தாயின் ஒப்புதலோடு ஒரு கொடியைப் பெற்றுக்கொள்ள, பனிக்கட்டிப் பெட்டியுடன் பிரசவ அறை வாசலில் யாரேனும் ஒருவர் இன்றும் காத்திருக்கிறார்.