ஒரு விதை, ஒரு எந்திரம், ஒரு உத்தரவு: அமெரிக்க வரலாறு திரும்பின இடங்கள்

[திரையில்: ஜேம்ஸ் ஆறு, கரையில் மரவேலிக் கோட்டை]

1607 மே மாசம். வர்ஜீனியாவுல ஜேம்ஸ் ஆத்தங்கரையில மூணு கப்பல் வந்து நிக்குது. இறங்கினவங்க 104 பேர், எல்லாருமே ஆண்களும் சிறுவர்களும்தான். அவங்களை அனுப்பி வச்சது லண்டன்ல பங்கு வித்துப் பணம் திரட்டின வர்ஜீனியா கம்பெனி. தங்கம் கிடைக்கும்னு நம்பி வந்தாங்க. கிடைச்சது சதுப்பு நிலம், உப்புக் கரிக்கிற தண்ணி, காய்ச்சல். 1609-10 குளிர்காலத்துல பஞ்சம் வந்து, செருப்புத் தோலைக்கூட வேகவச்சுத் தின்னாங்க. சுமார் 500 பேர் இருந்த அந்த ஜேம்ஸ்டவுன் குடியிருப்புல மிஞ்சினது ஏறக்குறைய 60 பேர்.

அந்தக் கம்பெனி அப்பவே மூடிட்டுப் போயிருக்கும். அதைக் காப்பாத்தினது ஒரு விதை.

அந்த மண்ணோட பூர்வகுடிகளான பவ்ஹாட்டன் மக்கள் அங்க ஏற்கெனவே புகையிலை வளர்த்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. ஆனா அதோட காரம் இங்கிலாந்துக்காரங்களுக்கு ஒத்துக்கலை. 1612 வாக்குல ஜான் ரால்ஃப்ங்கிறவர் கரீபியன் பக்கத்துப் புகையிலை விதையைக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தார். கொஞ்ச வருஷத்துல லண்டன் சந்தையில வர்ஜீனியா புகையிலைக்கு நல்ல விலை.

புகையிலை போட்டவங்களுக்குத் தெரியும். நாத்து விடணும், பிடுங்கி நடணும், நுனி கிள்ளணும், பக்கத் துளிர் ஒடிக்கணும், இலையைப் பாடம் பண்ணணும். வருஷம் பூரா ஆள் வேணும். மண்ணும் மூணு நாலு போகத்துல சத்து இழந்துடும், உடனே புது நிலம் வேணும். இனிமே நான் சொல்லப் போற எல்லாத்துக்கும் வேர் இதுதான்: நிலம் யாரோடது, அதுல பாடுபடுறது யார்.

[திரையில்: 1619]

1619 ஜூலை கடைசியில, ஜேம்ஸ்டவுன் தேவாலயத்துல குடியேறினவங்களோட பிரதிநிதிகள் கூடினாங்க. ஆங்கிலேய அமெரிக்காவோட முதல் சட்டசபை அது. அடுத்த மாசமே பாயின்ட் கம்ஃபர்ட்ங்கிற முனையில ‘வைட் லயன்’ கப்பல் வந்துச்சு. அதுல ஆப்பிரிக்காவோட அங்கோலாவுலேர்ந்து பிடிச்சுக்கிட்டு வந்த இருபதுக்கும் மேற்பட்ட மனுஷங்க. சாப்பாட்டுப் பொருளுக்கு ஈடா அவங்களைக் கைமாத்தினாங்க.

ஓட்டுரிமையும் அடிமை வியாபாரமும் ஒரே கோடைகாலத்துல, ஒரே ஆத்தோரத்துல தொடங்குது. இதைப் படிச்ச நாள்லேர்ந்து என்னால ஒண்ணை விட்டு இன்னொண்ணைச் சொல்ல முடியலை.

1662ல வர்ஜீனியா ஒரு சட்டம் போட்டுச்சு: தாய் அடிமைன்னா பிள்ளையும் அடிமை. தகப்பன் யாரா இருந்தாலும் சரி. அதோட அடிமைத்தனம் பரம்பரைச் சொத்தாயிடுச்சு.

சுதந்திரப் போர் உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான், சுருக்கமா சொல்லிட்டுப் போறேன். 1773 டிசம்பர் 16 ராத்திரி பாஸ்டன் துறைமுகத்துல, பிரிட்டிஷ் தேயிலைச் சட்டத்தை எதிர்த்தவங்க 342 பெட்டித் தேயிலையைக் கடல்ல கொட்டினாங்க. அது நம்மளை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனியோட சரக்கு. வங்காளப் பஞ்சத்துக்கு அப்புறம் நொடிச்சுப் போய்க்கிட்டிருந்த கம்பெனியைத் தூக்கி நிறுத்தத்தான் லண்டன் அந்தத் தேயிலைச் சட்டத்தையே போட்டுச்சு. 1781ல யார்க்டவுன்ல சரணடைஞ்ச பிரிட்டிஷ் படையோட தளபதி கார்ன்வாலிஸ். அஞ்சு வருஷம் கழிச்சு அவரே இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலா வந்தார். 1792ல திப்புகிட்டேர்ந்து திண்டுக்கல்லையும் பாராமகாலையும், அதாவது இன்னைய சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தையும், எழுதி வாங்கினதும் அவர்தான்.

[திரையில்: வெடிச்ச பருத்திக் காய், மிக அருகில்]

இப்ப இந்தப் பருத்தியைப் பாருங்க. அமெரிக்கத் தெற்குல உள்நாட்டு மண்ணுல விளையுற ரகம் இது. கொட்டை பச்சை நிறம், பஞ்சு அதுல ஒட்டிப் பிடிச்சுக்கும். ரெண்டு உருளைக்கு நடுவுல விட்டு நசுக்கிக் கொட்டையைத் தள்ளுற பழைய ராட்டைக்கு இது சரிப்பட்டு வரலை. கையாலதான் பிச்சு எடுக்கணும். நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒரு ஆளுக்கு ஒரு பவுண்டு பஞ்சு தேறும்.

1793ல ஈலை விட்னி ஒரு எந்திரம் செஞ்சார். உருளையில கம்பிப் பல். பல்லு பஞ்சைக் கவ்வி, கொட்டை நுழைய முடியாத சந்து வழியா இழுத்துடும். அந்தப் பக்கம் ஒரு பிரஷ் பஞ்சைத் தட்டி விட்டுடும். ஒரே நாள்ல 50 பவுண்டு. நம்ம ஊர்ல ஜின்னிங் மில்லுன்னு சொல்றோமே, அந்த ‘ஜின்’ங்கிற பேர்தான் இதுக்கும்.

வேலை குறைஞ்சா அடிமைகளுக்கு விடிவு வந்திருக்கணும். நடந்தது நேர்மாறு. கொட்டை எடுக்கிறது சுலபமானதும் பருத்தி நல்ல லாபமாச்சு. விதைக்கவும் களை எடுக்கவும் காய் பறிக்கவும் இன்னும் இன்னும் ஆள் வேணும்னு ஆச்சு. 1790ல சுமார் 7 லட்சமா இருந்த அடிமைகள் 1860ல ஏறக்குறைய 40 லட்சம். வர்ஜீனியா, மேரிலாந்துப் பக்கத்துலேர்ந்து தாயைப் பிரிச்சு, பிள்ளையைப் பிரிச்சு, அலபாமாவுக்கும் மிசிசிப்பிக்கும் ஓட்டிக்கிட்டுப் போனாங்க.

அந்த நிலமும் காலியா கிடக்கலை. 1830ல ஆண்ட்ரூ ஜாக்சன் கையெழுத்துப் போட்ட சட்டத்தால பூர்வகுடிகளை மிசிசிப்பி ஆத்துக்கு மேற்க துரத்தினாங்க. 1838-39ல செரோக்கி மக்கள் சுமார் 16,000 பேர் கிளம்பினாங்க. கால்வாசிப் பேர் செத்துப் போனாங்க.

1861லேர்ந்து 65 வரைக்கும், அடிமைமுறையை விடாத தெற்கு மாநிலங்களுக்கும் வடக்குக்கும் உள்நாட்டுப் போர். லட்சக்கணக்குல உயிர் போச்சு, அடிமைமுறை சட்டப்படி ஒழிஞ்சுது. எல்லாப் புத்தகமும் இதைத்தான் பெரிய திருப்பம்னு சொல்லும். சரிதான். ஆனா அதே 1865ல நடந்த இன்னொண்ணை நின்னு பார்க்கணும்.

[திரையில்: தென் கரோலினாக் கடலோரம், ஈடிஸ்டோ தீவு]

ஜனவரி 16. வடக்குப் படையோட ஜெனரல் ஷெர்மன் ஒரு உத்தரவு போட்டார். சார்ல்ஸ்டனுக்குத் தெற்க இருக்கிற கடலோர நிலத்துல விடுதலையான ஒவ்வொரு குடும்பத்துக்கும் 40 ஏக்கர் வரைக்கும் தரணும். சுமார் 40,000 பேர் குடியேறி, ஏரோட்டி, விதைச்சாங்க. ஏப்ரல்ல லிங்கன் சுடப்பட்டார். அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சன் பழைய முதலாளிகளுக்கு மன்னிப்புக் கொடுத்து நிலத்தையும் திருப்பிக் கொடுத்துட்டார்.

அந்தச் சேதியைச் சொல்ல அக்டோபர்ல ஈடிஸ்டோ தேவாலயத்துக்கு வந்தவர் ஜெனரல் ஹோவர்ட். போர்ல வலது கையை இழந்தவர். அவர் பேச ஆரம்பிச்சதும் கூட்டம் கொந்தளிச்சுது. அப்புறம் ஒரு பெண் துயரப் பாட்டு ஒண்ணை எடுத்தாங்க, எல்லாரும் கூடவே பாடினாங்க.

அந்த மக்கள் அவருக்கு ஒரு கடிதம் எழுதினாங்க. அதோட சாரத்தைச் சொல்றேன்: முதலாளிகளை மன்னிக்கச் சொல்றீங்க. நீங்க போர்ல இழந்தது ஒரு கை, நீங்க மன்னிக்கலாம். என்னை மரத்துல கட்டி வச்சு 39 கசையடி கொடுத்தவனை, என் தாயையும் சகோதரியையும் அடிச்சவனை, அவன் நிலத்துல உழைச்சாத்தான் காலிக் குடிசையில இருக்க விடுவேன்னு சொல்றவனை என்னால எப்படி மன்னிக்க முடியும்?

நிலம் போயிடுச்சு. பெரும்பாலானவங்க பழைய எஜமான் காட்டுலயே வாரத்துக்கு, அதாவது விளைச்சல்ல ஒரு பங்குக்கு, உழுதாங்க. விதைக்கும் சோத்துக்கும் வாங்கின கடன் அறுவடையில தீராது. 1877ல, தகராறான ஒரு ஜனாதிபதித் தேர்தலுக்குப் பேசி முடிச்ச சமரசத்துல, தெற்குல காவலுக்கு நின்ன மத்தியப் படையும் விலகிடுச்சு. அதுக்கப்புறம் ஓட்டுச்சாவடி, பள்ளிக்கூடம், பஸ் சீட்டு எல்லாத்துலயும் நிறப் பாகுபாடு.

[திரையில்: மான்ட்கோமரி, காலியாக ஓடும் பஸ்]

1955 டிசம்பர்ல மான்ட்கோமரியில ரோசா பார்க்ஸ்ங்கிற கறுப்பினப் பெண், பஸ்ஸுல வெள்ளைக்காரருக்காகச் சீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டேன்னு சொன்னாங்க. 381 நாள் கறுப்பின மக்கள் பஸ்ஸுல ஏறலை. சமையல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போறவங்க காலை, சாயங்காலம் நடந்தே போனாங்க. 1965 மார்ச் 7, செல்மாவுல ஓட்டுரிமை கேட்டுப் பாலத்தைத் தாண்டினவங்களைப் போலீஸ் தடியால அடிச்சு விரட்டுச்சு. வீட்டு டிவியில நாடே அதைப் பார்த்துச்சு. ஆகஸ்ட் 6 அன்னைக்கு ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்துல கையெழுத்துப் போட்டார்.

அதே ஜான்சன் அக்டோபர் 3 அன்னைக்கு, சுதந்திர தேவி சிலையடியில இன்னொரு சட்டத்துல கையெழுத்துப் போட்டார். அதுவரைக்கும் எந்த நாட்டுல, எந்த இனத்துல பிறந்தோம்கிறதை வச்சுத்தான் குடியேற்ற ஒதுக்கீடு. 1946 சட்டப்படி இந்தியாவுக்கு வருஷத்துக்கு 100 பேர். அந்த ஒதுக்கீட்டு முறையை இந்தச் சட்டம் எடுத்துடுச்சு. இது பெரிய புரட்சி ஒண்ணும் இல்லைன்னுதான் அன்னைக்கு ஜான்சன் பேசினார். நியூ ஜெர்சியிலயும் டல்லாஸ்லயும் இன்னைக்கு வேர்விட்டிருக்கிற தமிழ்க் குடும்பங்கள்ல மிகப் பெரும்பாலானவங்க அந்தக் கையெழுத்துக்கு அப்புறம் போனவங்க. செல்மா பாலத்துல அடி வாங்கினவங்களுக்குக் கிடைச்ச சட்டத்துக்கும் இதுக்கும் இடையில 58 நாள்.