பைக் மட்கார்டு ஏன் ஒரு சாண் மேல இருக்கு? பதில் பேரையூர் கரிசல்ல இருக்கு!

வணக்கம் மக்களே! சாதா பைக்ல முன் மட்கார்டு டயரை ஒட்டி உக்காந்திருக்கும். காட்டுல மேட்டுல ஓட்டுற பைக்ல அதே மட்கார்டு ஒரு சாண் மேல ஏறி, சம்பந்தமே இல்லாம நீட்டிக்கிட்டு நிக்கும். ஸ்டைலுக்குன்னு நினைக்கிறீங்களா? மழை விட்ட மறுநாள் மதுரை மாவட்டத்துப் பேரையூர் பக்கம் வண்டியை எடுத்துட்டு வாங்க.

முன்கதையைச் சட்டுன்னு முடிச்சிடுறேன். டூயல் ஸ்போர்ட்னா தார் ரோட்டுலயும் ஓடும், வண்டிப்பாதையிலயும் இறங்கும். 2016-ல ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், 2019-ல ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200. ரெண்டுக்கும் முன் வீல் 21 இன்ச், குழியில மாட்டாம ஏறிப் போகத்தான். அவ்வளவுதான், கிளம்பலாம்.

(திரையில் வரைபடம்)

திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, பேரையூர், சாப்டூர். திரும்புறப்ப எழுமலை, உசிலம்பட்டி வழியா மதுரை. மெயின் ரோட்டுலயே போனா இதுல ஒண்ணுமே இல்ல. கண்மாய்க்கரை, ஓடை, பருத்திக்காட்டு வண்டித்தடம்னு புகுந்து போனாத்தான் பொழுது சாயுற வரைக்கும் சரியா இருக்கும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். திருமங்கலம் தாண்டினதும் மண்ணு கறுக்கும். அதுல மான்ட்மோரில்லோனைட்னு ஒரு களிமண் கனிமம். அடுக்கடுக்கா இருக்கும், அடுக்குக்கு நடுவுல தண்ணி புகுந்தா மண்ணு உப்பும், காஞ்சா சுருங்கும். சித்திரையில பாத்தா கை நுழையிற அளவுக்கு வெடிப்பு. ஐப்பசி மழையில பாத்தா சாட்சாத் பரோட்டா மாவு! டயர் ஒரு சுத்து சுத்தினா ஒரு பட்டை அப்பும். அடுத்த சுத்துல அதுமேலேயே இன்னொரு பட்டை. டயர்ல துருத்திக்கிட்டு இருக்கிற பட்டன் இடுக்கெல்லாம் அடைஞ்சு வழுக்கையாயிடும். கொஞ்ச தூரத்துலயே மட்கார்டு இடைவெளி ரொம்பி, சேறே முன் வீலைக் கவ்விப் பிடிச்சுக்கும். பின் வீல் தள்ளுது, முன் வீல் சுத்தல. வண்டி நின்னுரும், ஆளு மட்டும் போய்க்கிட்டே இருப்பான்!

மட்கார்டு மேல இருந்தா அந்தச் சேறு சிதறி விழ இடம் இருக்கு. சில மாடல்ல மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு ரெண்டு மட்கார்டு வரும். கரிசலுக்கு வர்றவங்க கீழ உள்ளதை வீட்டுலயே கழட்டி வச்சிட்டு வர்றதும் உண்டு. மாட்டிக்கிட்டா குச்சியை விட்டு நோண்டணும், வேற வழியே கிடையாது. வரப்புல உக்காந்திருக்கிற பெரியவர் சிரிச்சுக்கிட்டே சொல்வார்: "வெயில் ஏறட்டும் தம்பி, இந்த ஈரத்துல மாடே இறங்காது." அவரு பேச்சைக் கேளுங்க, எந்த மொபைல் ஆப்பும் இதைச் சொல்லாது. மேலூர் பக்கச் செம்மண் இப்படி வம்பு பண்ணாது, தண்ணியைச் சீக்கிரம் உள்ள விட்டுரும். ஆனா எனக்கு இந்த வம்புதான் பிடிச்சிருக்கு, என்ன பண்றது!

கூட்டமா போறப்ப வெயில் காலத்துல புழுதி. முன்னாடி வண்டியை ஒட்டிப் போனா கண்ணே தெரியாது. விட்டுப் போனா வழி தவறும். அதுக்கு ஒரு ஏற்பாடு: பாதை பிரியுற இடத்துல ரெண்டாவதா வர்றவர் நின்னு கை காட்டணும். கடைசி ஆள் வந்ததும், அவருக்கு முன்னாடி சேந்துக்கணும். போனும் வேணாம், சிக்னலும் வேணாம்.

அப்புறம் சீமைக்கருவேல முள். கண்மாய்க்கரைல செருப்பையே துளைக்கும், டியூப் எம்மாத்திரம்? 21 இன்ச் டியூப் கிராமத்துப் பஞ்சர் கடையில கிடைக்கிறது கஷ்டம், ஒண்ணு கையோட வச்சுக்கோங்க. அவசரத்துக்கு அதையே மடிச்சுச் சின்னதா இருக்கிற பின் டயருக்குள்ள திணிச்சு ஊர் வந்து சேரலாம்.

ரோட்டுல சோளத்தட்டை பரப்பி வச்சிருந்தா பிரேக் அடிக்காதீங்க, சறுக்கும். காயப்போட்ட தானியம்னா ஓரமா சுத்திப் போங்க, அது ஒருத்தரோட வெள்ளாமை. ஆட்டு மந்தை வந்தா எஞ்சினை அணைச்சிட்டு நில்லுங்க. ஹாரன் அடிச்சா ஆடு ஒரு பக்கம் ஓடும், மேய்க்கிறவர் உங்க பக்கம் வருவார்.

சாப்டூர் மலையடிவாரம் எல்லை. அதுக்கு மேல ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம், 2021-ல அறிவிச்சது. பைக்கோட உள்ள போக நினைக்காதீங்க. உசிலம்பட்டி பக்கம் திருப்புங்க, பசிக்கும்.

உங்க ஊர்ல கரிசலா, செம்மண்ணா? கமெண்ட்ல போடுங்க. சேறு அப்பின மட்கார்டு போட்டோ இருந்தா அதையும் அனுப்புங்க. அடுத்த வீடியோவுல யாருது மோசம்னு பாத்துருவோம்.